பாளையங்கோட்டை பக்கம் சைனீஸ் ரைஸ் கடை: பார்சல் வாங்கலாமா, நின்னு சாப்புடணுமா?

கேள்வி, 2024 ஜூலை 6

பெருமாள்புரத்துக்குப் புதுசா குடிவந்திருக்கோம். ராத்திரி சமைக்க முடியாத நாள்ல தெருமுனையில உள்ள சைனீஸ் ஃபாஸ்ட் ஃபுட் கடையில பார்சல் வாங்குதோம். கடையில பாக்கும்போது ரைஸ் உதிரி உதிரியா இருக்கு, வீட்டுக்கு வந்து பிரிச்சா கட்டிகட்டியா ஒட்டிக்கிடுது. கோபி மஞ்சூரியன் சொதசொதன்னு ஆயிருது. இதுபோக அஜினமோட்டோ போடுதாவ, பிள்ளைகளுக்குக் கொடுக்காதன்னு மாமியார் சண்டை. சாப்புடலாமா கூடாதா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூலை 6, ராத்திரி 11.20

தாராளமா சாப்புடலாம். ஆனா நீங்க பயப்படுத விஷயம் ஒண்ணு, பயப்பட வேண்டிய விஷயம் வேற ஒண்ணு. அஜினமோட்டோவ விடுங்க. சோறு எப்ப வடிச்சது, வடிச்ச பொறவு எங்க இருந்துச்சு, இத மட்டும் கேளுங்க. எங்க அத்தான் பாளையங்கோட்டையில தள்ளுவண்டி போட்டு ரைஸ் கடை நடத்துனாவ, நான் வேலை முடிஞ்சு சாயங்காலம் போயி கோஸ் நறுக்கி, கல்லாவுல நின்னு, பார்சல் கட்டிக் கொடுத்திருக்கேன். அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தத சொல்லுதேன். மத்தது காலையில.

ஜூலை 7, காலை 6.50

மொதல்ல பார்சல். சட்டியில இருந்து எறங்குத சோறு கொதிக்கக் கொதிக்க நேரா சில்வர் கவருக்குள்ள போகுது, வாய மடிச்சு பின் அடிச்சிருதாவ. ஆவி எங்க போகும்? இட்லிக் கொப்பரை மாதிரி உள்ளயே சுத்தி, திரும்ப சோத்து மேலயே தண்ணியா எறங்கும். கருப்பு டப்பான்னாலும் இதே கததான், மூடிய தூக்கிப் பாருங்க, உள்பக்கம் சொட்டுசொட்டா நிக்கும். மாஸ்டர் பெரிய தீயில தண்ணி வத்த வத்தப் பெரட்டி எடுத்த சோத்த நாம பத்து நிமிசத்துல திரும்ப அவிச்சிருதோம்.

அதனால வீட்டுல இருந்து அகலமான எவர்சில்வர் டப்பா கொண்டு போங்க. குறுகலான தூக்கு வேண்டாம், அடிச்சோறு நசுங்கிரும். மூடிய இறுக்காம ஒரு ஓரம் விட்டு வைங்க. 2019 ஜனவரி 1ல இருந்து ஒரு தடவ பாவிச்சுத் தூக்கிப்போடுத பிளாஸ்டிக் பைக்கும், சாப்பாடு மடிக்குத பிளாஸ்டிக் தாளுக்கும் தமிழ்நாட்டுல தடை இருக்கு, அதனால பாத்திரம் கொண்டு போனா கடைக்காரருக்கும் சந்தோசந்தான். சாம்பார் வாங்க தூக்குவாளியோட போன ஊரு இது, கூச்சப்பட ஒண்ணுமில்ல. செய்தித்தாள்ல மடிச்சா மட்டும் வாங்காதிய, மை சோத்துல எறங்கும், அதுல சாப்பாடு கட்டக் கூடாதுன்னு உணவு பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கு.

ஜூலை 7, காலை 7.15

விட்டுப்போச்சு. வீடு சேந்ததும் பெரிய தட்டுல பரத்திப் போட்டுருங்க, மூடி வச்சுட்டு டிவி பாக்காதிய. கோபி மஞ்சூரியன் பார்சலே வேண்டாம்ங்கேன். மேல உள்ள மொறுமொறுப்பு மக்காச்சோள மாவும் மைதாவும், சாஸ் பட்டு கொஞ்ச நேரத்துல அது ஊறிரும். வாங்கித்தான் ஆகணும்னா பொரிச்ச கோபிய தனியா கேளுங்க, சாஸ தனியா கேளுங்க, வீட்டுல சட்டியில ஒரு பெரட்டு.

ஜூலை 7, சாயங்காலம் 5.30

ரைஸுக்கு சால்னா ஊத்தித் திங்கிறது காட்டுமிராண்டித்தனமான்னு மேலப்பாளையத்து அண்ணாச்சி கேக்காவ. ஊத்துங்க அண்ணாச்சி. பக்கத்துல பரோட்டா கல்லுல சால்னா கொதிக்கும்போது ஊத்தாம இருந்தாத்தான் தப்பு. ஆனா பாதி சோத்துக்கு மட்டும். மீதிப் பாதிய அந்தப் புகைவாசத்தோட வெறுமன தின்னு பாருங்க, அப்பத்தான் மாஸ்டர் கை தெரியும்.

ஜூலை 9, ராத்திரி 10.05

இப்ப அஜினமோட்டோ. மாமியாருக்குப் படிச்சுக் காட்டுங்க.

1908ல ஜப்பான்ல கிகுனே இக்கெதான்னு ஒரு வேதியியல் பேராசிரியர். அவங்க ஊர்ல ஒரு கடல்பாசியப் போட்டு ரசம் மாதிரி வைப்பாவ, அதுல உள்ள ருசி உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல, இனிப்பும் கசப்பும் இல்ல, அப்ப அது என்னன்னு தேடித்தான் குளூட்டமேட்டப் பிரிச்சு எடுத்தாரு. அடுத்த வருசம் 1909ல அது அஜினமோட்டோங்கிற பேர்ல கடைக்கு விக்க வந்துருச்சு. இதே குளூட்டமேட் தக்காளியில இருக்கு, காளான்ல இருக்கு, தாய்ப்பால்லயும் இருக்கு. நம்ம ஒடம்பு அது பாக்கெட்டுல இருந்து வந்துச்சா தக்காளியில இருந்து வந்துச்சான்னு பிரிச்சுப் பாக்காது. இப்ப அதத் தயாரிக்கிறது கரும்புச்சக்கரைப் பாகு, மரவள்ளி மாவு இதயெல்லாம் நொதிக்க வச்சுத்தான்.

அப்ப இந்தக் கெட்ட பேரு எங்க இருந்து வந்துச்சு? 1968ல அமெரிக்காவுல ஒரு மருத்துவ இதழுக்கு ஒரு டாக்டர் கடிதம் எழுதுனாரு, சைனீஸ் ஓட்டல்ல சாப்புட்டா கழுத்துப் பக்கம் மரத்துப்போகுது, படபடங்குதுன்னு. காரணம் இதா இருக்குமோ அதா இருக்குமோன்னு அவரு பல சாமான அடுக்கியிருந்தாரு, அதுல இதும் ஒண்ணு. அம்புட்டுதான், அது பரவி உலகம் பூரா சைனீஸ் கடைக்காரங்க தலையில விடிஞ்சுது. பொறவு சாப்புடுதவங்களுக்கும் தெரியாம, கொடுக்குதவங்களுக்கும் தெரியாம வச்சு சோதிச்சுப் பாத்தாவ, சாப்பாட்டோட வழக்கமா சேக்குத அளவுக்கு அப்படி ஒண்ணும் நிலையாத் தெரியல. வெறும் வயித்துல 3 கிராமுக்கு மேல தனியா கொடுத்தா சிலருக்கு கொஞ்ச நேரம் தலைவலியும் படபடப்பும் வந்து போகுது. வெறும் வயித்துல அத யாரு அள்ளித் திங்கப் போறா?

இதே சாமான் பாக்கெட் சிப்ஸுல இருந்தா யாரும் சண்டைக்குப் போறதில்ல, தள்ளுவண்டிக்காரன் கையில இருந்தா மட்டும் விஷம்ங்காவ. இது எனக்கு ரொம்ப நாளா உள்ள ஆத்தாமை.

ஜூலை 10, மதியம் 1.40

ராத்திரி எழுதுனதுக்கு ரெண்டு சேத்துக்கிடுதேன். ஒரு வயசு நெறையாத பிள்ளைக்கு வேண்டாம், பாக்கெட்டுலயே அப்படி எச்சரிக்கை போடணும்னு நம்ம நாட்டுல விதி இருக்கு. ரெண்டாவது, பிரஷர் உள்ளவங்க பாக்க வேண்டியது மொத்த உப்ப. சாப்பாட்டு உப்புல சோடியம் 39 சதவீதம், அஜினமோட்டோவுல 12தான். ஆனா ரைஸுல உப்பும் போடுதாவ, சோயா சாஸும் ஊத்துதாவ, சில்லி சாஸும் ஊத்துதாவ, அது எல்லாத்துலயும் உப்பு. அதனால பிரஷர் மாத்திரை போடுதவங்க "சோயா கொறச்சு"ன்னு கேட்டு வாங்குங்க. செய்வாவ.

மருத்துவத்த விட்டு ருசியப் பாத்தா எனக்கு ஒரு கொறை உண்டு. பூண்டும் சிக்கனும் கொறச்சுட்டு அந்த எடத்துல ஒரு கரண்டி அஜினமோட்டோவ வச்சு ஒப்பேத்துத கடை இருக்கு. தின்னு முடிச்ச பொறவும் நாக்குல ஒரு வழவழப்பு நிக்கும். அது விஷம் இல்ல, ஏமாத்து. அங்க திரும்பப் போகாதிய.

ஜூலை 14, காலை 9.30

ஞாயித்துக்கிழம, நேரம் இருக்கு. சோறு விஷயத்த விவரமா எழுதுதேன், முக்கியமே இதுதான்.

ஃப்ரைட் ரைஸுக்கு ஆறுன சோறுதான் வேணும். சூடா இருக்க சோறு ஈரத்தோட கொழகொழன்னு இருக்கும், சட்டியில போட்டா களியாயிரும். ஆறும்போது அதுல உள்ள மாவுச்சத்து இறுகும், பருக்க தனித்தனியா நிக்கும். அதனால மதியமே வடிச்சு ஆறப்போடுதது தப்பில்ல. தப்பு எங்க வருதுன்னா, பெரிய அண்டாவுல வடிச்சு அப்படியே குமிச்சு மூடி வச்சா நடுச்சோறு மணிக்கணக்குல வெதுவெதுன்னே கெடக்கும். அரிசியில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா உண்டு. சோறு கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதோட வித்து சாகாது, வெதுவெதுப்பு கெடச்சதும் முளைச்சுப் பெருகும், பெருகும்போது ஒரு நஞ்ச விடும். அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது. மாஸ்டர் எம்புட்டு தீயில வறுத்தாலும் அது அப்படியே இருக்கும். சாப்புட்டு ஒரு மணியில இருந்து ஆறு மணிக்குள்ள வாந்தி. 1970கள்ல இங்கிலாந்துல சைனீஸ் ஓட்டல் ஃப்ரைட் ரைஸ் சாப்புட்டவங்களுக்கு வரிசையா இப்படி ஆகித்தான் இத மருத்துவ உலகம் நல்லாக் கண்டுக்கிட்டுது. நம்மூர்லயும் ராத்திரி ரைஸ் தின்னுட்டு விடியக்காலம் வாந்தின்னு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவங்க உண்டு. கேட்டா அஜினமோட்டோன்னுதான் சொல்லுவாவ. அந்த மிச்சச் சோத்த யாரும் கேக்கமாட்டாவ, இதச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது.

அத்தான் கடையில என்ன செய்வோம்னா, மதியம் வடிச்சதும் பெரிய தாம்பாளத்துல விரலுயரத்துக்கு மேல போகாம பரத்தி, ஃபேன் போட்டு, ஆறுன ஒடனே டப்பாவுல அடச்சு பிரிட்ஜ்ல வச்சிருவோம். வண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுத்துட்டுப் போறது. ராத்திரி மிஞ்சுனா அதோட சரி, அடுத்த நாள் கடைக்கு எடுக்கமாட்டாவ. அக்காவுக்கு மனசு கேக்காது, இம்புட்டு சோறான்னு அங்கலாய்ப்பா. அத்தான் பதிலே சொல்லாம பக்கத்து வீட்டு மாட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோயிருவாவ.

ஜூலை 14, மதியம் 12.10

"அப்ப பழைய சோறு மட்டும் எப்படி ஒத்துக்கிடுது?" நல்ல கேள்வி தம்பி. பழசுல நாம தண்ணி ஊத்திருதோம். அதுல வளர்றது தயிர்ல வளர்றது மாதிரி புளிக்க வைக்குத கூட்டம். புளிப்பு ஏற ஏற கெட்டதுக்கு எடம் கொறஞ்சிரும். வெறுமன குமிச்சுப் போட்ட சோத்துல அந்தக் காவல் இல்ல. ஆனா பழைய சோத்துக்கும் சோத்த ஆறவிட்டுத்தான் தண்ணி ஊத்தணும், பானை சுத்தமா இருக்கணும், ஆச்சிமாருக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்ல.

ஜூலை 15, காலை 7.00

கடையில எப்படிக் கேக்கன்னு கூச்சப்படுதவங்களுக்கு: "அண்ணாச்சி, இன்னைக்கு வடிச்ச சோறுதான?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. நல்ல கடைக்காரர் டப்பாவத் தெறந்தே காட்டுவாரு. கோவப்பட்டாருன்னா நீங்க பரோட்டாவே வாங்கிக்கிடுங்க. 14 இலக்க உணவு பாதுகாப்பு எண் வண்டியில ஒட்டியிருக்கான்னும் ஒரு பார்வ பாருங்க.

ஜூலை 21, ராத்திரி 11.45

இப்பத்தான் வண்ணாரப்பேட்டையில ஒரு கடையில நின்னு தின்னுட்டு வாரேன். அந்த மாஸ்டர் நேபாளத்துப் பையன், தமிழ் நம்மள மாதிரியே பேசுதான், "என்ன அண்ணாச்சி, ஹாஃபா ஃபுல்லா"ன்னு. அவன் கையையே பாத்துக்கிட்டு நின்னேன். எடது கை சட்டியோட காதுல, துணி சுத்தியிருக்கு. வலது கையில நீளக் கரண்டி. கரண்டியால எண்ணெய்ய எடுத்து சட்டி ஓரமா ஊத்தி, சட்டிய சாச்சு ஒரு சுத்து சுத்தி மிச்சத்தத் திரும்ப டப்பாவுல ஊத்திட்டான். முட்டைய ஒரே கையில சட்டி விளிம்புல தட்டி ஒடச்சான், வெள்ள பொங்கி வருது, அது முழுசா வேகுததுக்குள்ள கோஸும் கேரட்டும் பீன்ஸும் ஒரு கை அள்ளு. பொறவு சோறு. கரண்டி முதுகால கட்டிய அமுக்கி ஒடச்சு, உப்பு, வெள்ளமிளகுத்தூள், அஜினமோட்டோ மூணையும் கரண்டி நுனியில தொட்டுத் தொட்டு எடுத்துப் போடுதான், அளவு கண்ணுலதான் இருக்கு. சோயா பாட்டில் மூடியில ஆணி வச்சு ஓட்ட போட்டிருக்கான், ரெண்டு உதறு. அத சோத்து மேல ஊத்தல பாத்தியளா, சட்டி ஓரத்துல ஊத்துதான். அங்கதான் இரும்பு காய்ஞ்சு கெடக்கு, சோயா பட்டதும் சுர்ருன்னு புகைஞ்சு, அந்த வாசம் சோத்துல ஏறுது. கடைசியில வெங்காயத்தாள். கிண்ணத்துல அமுக்கி தட்டுல கவுத்துட்டு, அடுத்த ஆளுக்கு சட்டியில தண்ணிய ஊத்தி பிரஷ்ஷால ஒரு தேய்.

அடுப்ப முழங்காலால திருப்புதான். அந்தத் தீ முன்னால நம்மூர் சித்திரை வெயில்லயும் நிக்கணும். இவங்களுக்கு ஒரு மரியாத கொடுத்துப் பேசுங்க, "ஏய் தம்பி சீக்கிரம்லே"ன்னு கூப்புடாதிய.

ஜூலை 28, சாயங்காலம் 6.20

"இது சைனாக்காரன் சாப்பாடே கெடையாது, டூப்ளிகேட்"னு ஒருத்தர் எழுதியிருக்காரு. நான் ஒத்துக்கிடமாட்டேன். இதச் சமைச்சது நம்ம நாட்டுச் சீனாக்காரங்க. 18ஆம் நூற்றாண்டு கடைசியில கொல்கத்தா பக்கத்துல சர்க்கரை ஆலை போட வந்த டோங் ஆச்சுங்கிற சீனர் பேர்லதான் இன்னைக்கும் அச்சிப்பூர்னு ஊரு இருக்கு. பொறவு ஹக்கா சீனங்க வந்தாவ, தோல் பதனிடுதது, செருப்பு தைக்கிறதுன்னு பொழச்சாவ, கொல்கத்தாவுல டாங்ராங்கிற பகுதியில சமையக்கடை வச்சாவ. பக்கத்துல இருக்க வங்காளிக்கு ஏத்த மாதிரி மிளகாயும் பூண்டும் கூட்டுனாவ. ஹக்கா நூடுல்ஸ்னு நம்ம போர்டுல எழுதியிருக்கது அந்த சனம்தான். 1962ல நமக்கும் சீனாவுக்கும் நடந்த சண்டையப்ப இந்த நாட்டுலயே பொறந்து வளந்த சீனங்கள ரயில்ல ஏத்தி ராஜஸ்தான் தியோலி முகாம்ல அடச்சு வச்சாங்க, சுமார் 3,000 பேரு, சிலர் வருசக்கணக்கா. அதுக்குப் பொறவு எத்தனையோ குடும்பம் கனடாவுக்குப் போயிருச்சு. நாம நாக்கச் சப்புக்கொட்டித் திங்குத சாப்பாட்டுக்குப் பின்னால இம்புட்டு இருக்கு.

மஞ்சூரியனுக்கு வந்தா, கொல்கத்தாவுல பொறந்த நெல்சன் வாங் 1975ல மும்பை கிரிக்கெட் கிளப்புல சமைச்சதுன்னு சொல்லுதாவ. இஞ்சி, பூண்டு, பச்சமிளகாய்னு நம்ம தாளிப்புல ஆரம்பிச்சு, கரம் மசாலா போட வேண்டிய எடத்துல சோயா சாஸும் மக்காச்சோள மாவும் போட்டாராம். அப்ப இது நம்மதுதான். சீனாக்காரங்களதும்தான்.

ஆகஸ்ட் 4, காலை 8.15

கலரப் பத்திக் கேட்டிருக்கிய. இதுல எனக்கு எரக்கமே கெடையாது. செக்கச்செவேல்னு விரல்ல ஒட்டுதுன்னா வாங்காதிய. 2024 மார்ச்சுல கர்நாடகா அரசு கோபி மஞ்சூரியன்ல செயற்கைக் கலர் போடக் கூடாதுன்னு தட போட்டுது, அதுக்கு முந்துன மாசந்தான் நம்ம தமிழ்நாட்டுல ரோடமின் பி கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தட. ரோடமின் பி துணிச்சாயம். காஷ்மீரி மிளகாய் போட்டா போதுமான செவப்பு வரும், வெல கூடங்கிறதாலதான் பாதிப் பேரு போடமாட்டேங்காவ.

பொரிச்ச எண்ணெய்யையும் பாருங்க. சிக்கன் பொரிக்குத சட்டியில எண்ணெய் கருத்து, நுரை அடங்காம நின்னா அது பலநாள் எண்ணெய். ரைஸ் மட்டும் வாங்குங்க, பொரிச்சத விட்டுருங்க.

ஆகஸ்ட் 11, ராத்திரி 9.50

அமெரிக்காவுல இருக்க சித்தப்பா பையன் போன்ல இந்த இழையப் படிச்சுட்டு அவங்க ஊரு பார்சல் பெட்டி போட்டோ அனுப்பியிருக்கான். ஒரே அட்டைய மடிச்ச பெட்டி, மேல கம்பிப்பிடி. 1894ல சிகாகோக்காரர் ஒருத்தர் அதுக்குக் காப்புரிமை வாங்குனாராம், மொதல்ல கடல் சிப்பி வாங்கிட்டுப் போகத்தான் அது, பொறவுதான் சைனீஸ் கடைக்கு வந்துது. அதுல எனக்குப் புடிச்சது, மேல மடிப்புக்கு நடுவுல சந்து இருக்கு, ஆவி போயிரும். நம்ம சில்வர் கவருக்கு இந்த யோசனைய யாராவது பண்ணுனா நல்லது.

அத்தான் கடை இப்ப எங்கன்னு கேட்டவங்களுக்கு: 2023 டிசம்பர் வெள்ளத்துல வண்டி நின்ன செட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. ப்ளோயர் மோட்டாரு போச்சு, அரிசி மூட்ட போச்சு. ஆத்துல தண்ணி வடிஞ்சு பாத்தா சட்டி மட்டும் சேத்துக்குள்ள குப்புறக் கெடந்துது. அத்தான் இப்ப ஒரு மெஸ்ஸுல வேலைக்குப் போறாவ. அந்தச் சட்டி எங்க வீட்டுலதான் இருக்கு, துருவெடுத்து எண்ணெய் பழக்கிட்டேன்.

ஆகஸ்ட் 18, காலை 10.00

வீட்டுலயே செய்யுதவங்களுக்கு. அம்பை 16 அரிசியில செய்யாதிய. அது நம்ம அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த அருமையான அரிசி, இட்லிக்கு அத அடிச்சுக்க ஆள் கெடையாது, ஆனா குட்டையா உருண்ட பருக்க, ரைஸுக்கு ஒத்துவராது. நீள அரிசி எடுங்க, முக்கால் வேக்காட்டுக்குக் கொஞ்சம் மேல வடிங்க, பரத்தி ஆறவச்சு பிரிட்ஜ்ல வைங்க. வீட்டு அடுப்புல தீ பத்தாதுங்கறதால ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குள்ளது மட்டும். நாலு பேருக்கும் சேத்துக் கொட்டுனா சட்டி ஆறிரும், கோஸ் தண்ணி விடும், கூட்டு மாதிரி ஆயிரும். இரும்புச் சட்டி புகையுத வரைக்கும் காயணும். மைனி ஒருத்தி இப்படிச் செஞ்சு பிள்ளைக தட்ட வழிச்சுத் தின்னுட்டாவன்னு எழுதியிருந்தா, ரொம்ப சந்தோசம்.

ஆகஸ்ட் 25, மதியம் 3.30

கேள்வி கேட்டவங்க பதில் போட்டுட்டாவ. எவர்சில்வர் டப்பா கொண்டு போனதுல ரைஸ் ஒட்டலியாம், மாமியார் எக் நூடுல்ஸ் மட்டும் தின்னு பாத்தாவளாம், நூடுல்ஸுக்கு அந்தச் சோத்துக் கததான் உண்டான்னு கேக்காவ. உண்டு. அதையும் மதியமே அவிச்சு எண்ணெய் தடவி வச்சிருதாவ, மாவுப் பண்டம், வெளிய கெடந்தா கெடும். தொட்டா பிசுபிசுன்னு இழுத்தா, புளிச்ச வாட வந்தா வேண்டாம்னுருங்க. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள போங்க, அப்பத்தான் சாமானும் புதுசா இருக்கும், கூட்டம் இல்லாம மாஸ்டரும் நின்னு செய்வாரு. சனி ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல நான் எந்தக் கடையிலயும் ரைஸ் வாங்கமாட்டேன், அந்நேரத்துக்குப் பசிச்சா ஜங்ஷன் பக்கம் போயி கல்லுல இருந்து நேரா எறங்குத பரோட்டாதான்.